வீட்டுக்காரருக்கு வேலை போச்சு, நான் 7 மாசம் கர்ப்பம்: செட்டில்மென்ட் பணத்துல ஹவுசிங் லோன கட்டிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க கோயம்புத்தூர். வீட்டுக்காரருக்கு ஐடி கம்பெனில 9 வருஷ சர்வீஸ், கைக்கு 92,000 வந்துட்டு இருந்துச்சு. போன வாரம் கூப்பிட்டு ரோல் இல்லன்னு சொல்லிட்டாங்க, ஆபீஸ் வர வேண்டாம், அக்டோபர் 31 கடைசி நாள்னு லெட்டர். கிராஜுவிட்டி, 3 மாச சம்பளம், லீவு பணம் எல்லாம் சேர்த்து 5.70 லட்சம் வரும். பிஎஃப்ல 11 லட்சம் இருக்கு. ஹவுசிங் லோன் பாக்கி 19 லட்சம், மாசம் 24,500. நான் பம்ப் தயாரிக்கிற கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், கைக்கு 34,000. ரெண்டாவது குழந்தை, இப்ப 7 மாசம். பிறந்ததும் வேலைய விட்டுடலாம்னு இருந்தேன். 5 லட்சத்த லோனுக்கு கட்டிடலாம்னு அவர் சொல்றார், பிஎஃப எடுத்து ஃப்ரெண்ட் கூட சேந்து 8 லட்சத்துல டீக்கடை ஃப்ரான்சைஸ் போடலாம்னும் சொல்றார். மாமியார் எங்க கூடத்தான் இருக்காங்க, அவங்களுக்கு இன்னும் தெரியாது. அவர் தினமும் லேப்டாப் பேக மாட்டிட்டு வெளிய போயிட்டு சாயங்காலம் வர்றார். ராத்திரி தூக்கமே இல்ல சார். என்ன பண்றது?

பதில்: சகோதரி, உங்க லெட்டர ரெண்டு மூணு தடவ படிச்சேன். வேலை போனது, குழந்தை வரப்போறது, நீங்க வேலைய விடலாம்னு நினைச்சிருந்தது, மூணும் ஒரே சமயத்துல வந்து நிக்குது, தூக்கம் வராம இருக்கறதுல ஆச்சரியமே இல்ல. ஆனா நீங்க எழுதின நம்பர வச்சு கணக்கு போட்டா நிலைமை நீங்க பயப்படுற அளவுக்கு மோசமா இல்லங்க. கைக்கு வர்ற அந்த 5.70 லட்சத்த அவசரப்பட்டு எங்கயும் கொண்டுபோய் கட்டாம இருந்தீங்கன்னா போதும்.

நீங்க அனுப்பின செலவு லிஸ்ட்டையே எடுத்துக்கறேன். ஹவுசிங் லோன் 24,500, கார் டியூ 9,800, வீட்டு செலவு 22,000, மாமியாரோட சுகர் மாத்திரை மத்த மருந்து 4,500, சீட்டு 5,000, அப்புறம் பெரிய பொண்ணோட ஸ்கூல் ஃபீஸ் 70,000மும் எல்ஐசி 38,000மும் வருஷத்துக்கு, அத மாசத்துக்கு பிரிச்சா 9,000. மொத்தம் 74,800. மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்ட்ல போடற 10,000 எஸ்ஐபிய இதுல சேக்கல, அத இன்னைக்கே நிறுத்திடுங்க, நிறுத்துறதுக்கு ஃபைன் எதுவும் இல்ல, போட்ட பணம் அப்படியே இருக்கும். உங்க சம்பளம் 34,000 போக மாசம் துண்டு விழுறது 40,800. 5.70ல பிரசவத்துக்கு 1 லட்சம், புது ஹெல்த் பாலிசிக்கு ஒரு 45,000 ஒதுக்கினா மீதி 4.25 லட்சம். அதாவது வீட்டுக்காரர் ஒரு ரூபா சம்பாதிக்கலன்னாலும் 10 மாசம் வண்டி ஓடும், யார்கிட்டயும் கை நீட்டாம.

இப்ப அதே 5 லட்சத்த லோனுக்கு கட்டினா என்ன ஆகும்னு பாருங்க. பொதுவா பேங்க்ல பார்ட் பேமென்ட் கட்டினா இஎம்ஐ அப்படியே இருக்கும், வருஷம்தான் குறையும், அடுத்த மாசமும் அதே 24,500 கட்டணும். கேட்டு எழுதிக் கொடுத்து இஎம்ஐய குறைச்சாலும் சுமாரா 18,000 ஆகும், மிச்சம் ஆகுறது மாசம் 6,450. கைல நிக்கறது 70,000, பிரசவத்துக்கே பத்தாது. அப்ப பேங்க்ல போய் போன மாசம் கட்டினேனே அதுல ஒரு லட்சம் திருப்பிக் கொடுங்கன்னு கேட்டா கொடுக்க மாட்டாங்க, நகைய எடுத்துட்டு அடகுக்கடைக்கோ இல்ல கிரெடிட் கார்டுக்கோதான் போகணும், கார்டுல மினிமம் மட்டும் கட்டிட்டு வந்தா மாசம் 3 பெர்சென்டுக்கு மேல வட்டி. கடன் இல்லாம இருக்கணும்னு அவர் நினைக்கிறது நல்ல மனசு, எனக்கு புரியுது. ஆனா சம்பளம் நின்ன வீட்டுல முதல்ல வேணுங்கிறது கைல இருக்கிற காசு. வேலை கிடைச்சதும் தாராளமா கட்டட்டும். அதுவரைக்கும் வந்த பணத்த ரெண்டு பேர் பேர்லயும் 50,000, 50,000ஆ பிரிச்சு சின்ன சின்ன எஃப்டியா போடுங்க, வேணுங்கறப்ப ஒண்ண மட்டும் உடைக்கலாம்.

அடுத்தது ஹெல்த் இன்சூரன்ஸ், இதுக்கு தேதி இருக்குங்க, அதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன். கம்பெனி க்ரூப் பாலிசி சாதாரணமா கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். 31ஆம் தேதிக்கு முன்னாடி அவர் எச்ஆருக்கு மெயில் போடணும், ரெண்டு விஷயம் கேக்கணும். ஒண்ணு, பிரசவம் வரைக்குமாவது கவர நீட்டிக் கொடுக்க முடியுமா, செட்டில்மென்ட் பேசுறப்ப இத கேக்கறது தப்பே இல்ல, சில கம்பெனில பாலிசி வருஷம் முடியற வரைக்கும் விட்டுருக்காங்க. ரெண்டு, அதே இன்சூரன்ஸ் கம்பெனில குடும்பத்துக்கான தனி பாலிசியா மாத்திக்க என்ன ஃபார்ம். அப்படி மாத்தினா இத்தன வருஷம் க்ரூப்ல இருந்தது வெயிட்டிங் பீரியட்ல கழியும், உங்க மாமியாரோட சுகருக்கு அது ரொம்ப முக்கியம், ஏன்னா புதுசா போய் எடுத்தா ஏற்கனவே இருக்கற வியாதிக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம். தனி பாலிசி பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி கிடையாது, அது ஒரு ஆறுதல். ஆனா பொதுவா புது பாலிசி இந்த பிரசவத்துக்கு காசு தராதுங்க, அதுக்குத்தான் 1 லட்சம் தனியா எடுத்து வைக்க சொன்னேன்.

உங்க வேலைய பத்தி. தயவு செஞ்சு இப்ப விடாதீங்க. இன்னைக்கு அந்த வீட்டுக்கு தூணு உங்க 34,000தான். உங்க கம்பெனில சம்பளத்தோட லீவு 3 மாசம்தான்னு சொன்னதா செலவு லிஸ்ட்டுக்கு கீழ ஒரு வரி எழுதியிருந்தீங்களே, அது சரியில்ல. 2017க்கு முன்னாடி 12 வாரமா இருந்துச்சு, அந்த வருஷம் சட்டத்த திருத்தி முதல் ரெண்டு குழந்தைக்கும் 26 வாரம் முழு சம்பளம்னு ஆக்கிட்டாங்க, அதுல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கலாம். முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தா போதும், நீங்க 6 வருஷமா இருக்கீங்க. லீவுல இருக்கறப்ப அதக் காட்டி வேலைய விட்டு எடுக்கவும் முடியாது. வாயில கேக்காதீங்க, எழுதி தேதி போட்டு கொடுத்து ஒரு காப்பில சைன் வாங்கி வச்சுக்கங்க. 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற இடம்னா குழந்தைங்கள பாத்துக்க க்ரெஷ் வசதி இருக்கணும், ஒரு நாளைக்கு 4 தடவ போய் குழந்தைய பாத்துட்டு வர அனுமதி உண்டு. அக்கவுண்ட்ஸ் வேலைங்கறதால லீவு முடிஞ்சு கொஞ்ச நாள் வீட்டுல இருந்து பாக்கறேன்னும் கேக்கலாம், ஓனர் ஒத்துக்கணும், ஆனா கேக்கறதுக்கு சட்டத்துலயே இடம் இருக்கு.

பிஎஃப் மேல கைய வைக்க வேண்டாம். 2024-25க்கு 8.25 பெர்சென்ட் வட்டி கொடுத்தாங்க, வேலை இல்லாத மாசத்துலயும் வட்டி சேரும், புது கம்பெனில அதே யூஏஎன்ங்கற பிஎஃப் அடையாள நம்பர கொடுத்தா தொடரும். இன்னொரு விஷயம் நிறைய பேர் கவனிக்கறதே இல்ல, அவருக்கு 9 வருஷம் ஆச்சு, பிஎஃப் கூட இருக்கற பென்ஷனுக்கு 10 வருஷம் வேணும். அந்த பென்ஷன் பங்கையும் சேத்து எடுத்துட்டா ஒரு வருஷத்துல கிடைக்க வேண்டிய உரிமைய தூக்கி போட்ட மாதிரி ஆயிடும், புது வேலைல மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ணணும்.

டீக்கடை கெட்ட தொழில்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா 8 லட்சம் போட்டு, பொண்டாட்டி பிரசவத்துக்கு போற மாசத்துல, காலைல 4 மணிக்கு கடை திறக்கற தொழில அவரால பழக முடியுமா? ஆசை நிஜம்னா 6 மாசம் வேலை தேடட்டும், நடுவுல தெரிஞ்சவங்க கடைல ஒரு மாசம் நின்னு பாக்கட்டும், பால் பில், வாடகை, ஆள் வராத நாள் எல்லாம் கண்ணால பாக்கட்டும். அக்ரிமென்ட்ல ஃப்ரான்சைஸ் ஃபீ திரும்ப வராதுன்னு பெரும்பாலும் போட்டிருப்பாங்க, அந்த வரிய ரெண்டு பேரும் சேந்து படிங்க.

சின்ன விஷயங்கள சீக்கிரம் சொல்லிடறேன். எல்ஐசிய சரண்டர் பண்ணாதீங்க, கட்ட முடியாம போனா பெய்ட்-அப், அதாவது இனிமே பிரீமியம் கட்டாம குறைஞ்ச தொகைக்கு பாலிசி தொடர்ற மாதிரி, ஆக்க முடியுமான்னு பிராஞ்ச்ல கேளுங்க. பொண்ணு பேர்ல இருக்கற செல்வமகளுக்கு இந்த வருஷம் 250 ரூபா கட்டினாலே கணக்கு உயிரோட இருக்கும். சீட்ட நடுவுல விடாதீங்க, தேவைப்பட்டா எடுத்துக்கற கடைசி கையிருப்பா வச்சுக்கங்க. வருமான வரி, புது முறைல சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்ல, அவரோட 7 மாச சம்பளமும் இந்த செட்டில்மென்ட்டும் சேந்து அதுக்குள்ளதான் வரும், மார்ச்சுக்குள்ள வேற சம்பளம் வரலன்னா சம்பளத்துல பிடிச்ச வரி (டிடிஎஸ்) பூரா ரிட்டர்ன் போட்டா திரும்ப வரும். புது வேலை கிடைச்சா அங்க பழைய சம்பள விவரத்த மறைக்காம கொடுக்கணும். கம்பெனி கொடுத்த லைஃப் கவரும் 31ஓட போயிடும்ங்கறதால புது வேலைல சேந்த முதல் மாசமே அவர் பேர்ல ஒரு டெர்ம் பாலிசி (அவருக்கு ஏதாவது ஆனா மட்டும் குடும்பத்துக்கு பணம் தர்ற ஆயுள் காப்பீடு) எடுத்துடுங்க.

கடைசியா லேப்டாப் பேக். எங்கப்பா மில்லு மூடினப்ப ரெண்டு மாசம் டிபன் கேரியர தூக்கிட்டு தினமும் வெளிய போனார், எங்க யாருக்கும் சொல்லல. அந்த ரெண்டு மாசத்துலதான் அம்மா, விஷயம் தெரியாம, அத்தைக்கு வளைகாப்பு சீருக்கு ரெண்டு பவுன் எடுத்து செஞ்சாங்க. தெரிஞ்சப்ப அம்மா அழுதது நகைக்காக இல்ல, ரெண்டு மாசம் அந்த மனுஷன் தனியா சுமந்தாரேன்னுதான். உங்க வீட்டுலயும் தீபாவளிக்கு நாத்தனாருக்கு சீர் 40,000னு லிஸ்ட்ல எழுதியிருக்கீங்க. மாமியாருக்கு தெரிஞ்சா அவங்களே இந்த வருஷம் புடவையும் பலகாரமும் போதும்னு சொல்லலாம், பிரசவத்துக்கு அப்புறம் குழந்தைய யார் பாத்துக்கறதுன்னும் அவங்ககிட்ட பேசித்தான் முடிவு பண்ணணும். அதனால இந்த ஞாயித்துக்கிழமை, சீருக்கு கடைக்கு போறதுக்கு முன்னாடி, ரெண்டு பேருமா உக்காந்து அவங்ககிட்ட சொல்லிடுங்க. அவர் சொல்ல தயங்கினா நீங்க ஆரம்பிச்சு வைங்க.