புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளர் வேலை: பீடோங் தாயார் ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா.

நீங்கள் எழுதியதில் இரண்டு பயங்கள் தெரிகின்றன. ஆறாம் படிவத்தில் அறிவியல் படிக்கும் பிள்ளை, டாக்டருக்குப் போகாமல் மாத்திரை எண்ணிக் கொடுக்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறாளே என்பது ஒன்று. கீமோ மருந்தோடு புழங்கினால் நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது உடம்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் பேசிவிடுவோம்.

அது நியாயமான பயம்தான். கீமோ மருந்து நல்ல செல்லையும் தாக்கும். அதனால்தான் அதைக் கலக்கத் தனி அறை வைத்திருக்கிறார்கள். நம் மலேசிய மருத்துவமனைகளில் அதைச் சிடிஆர் என்பார்கள். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும், அறைக் காற்று நடைபாதைக்குக் கசியாது. மருந்துக் குப்பியைத் திறப்பதெல்லாம் கண்ணாடி முகப்புள்ள ஒரு பாதுகாப்புப் பெட்டகத்துக்குள்தான். இரண்டு அடுக்குக் கையுறை, முன்பக்கம் திறப்பில்லாத அங்கி, முகக் கவசம். மருந்து சிந்தினால் சுத்தம் செய்யவே தனிப் பெட்டி. கர்ப்பமாக இருப்பவர்களையும் பாலூட்டுபவர்களையும் மருந்து கலக்கும் வேலையிலிருந்து விலக்கி வைப்பது முறை. தோட்டத்தில் முதுகில் மருந்துத் தோம்பைக் கட்டிக்கொண்டு பாராகுவாட் களைக்கொல்லி அடித்த நம் பெண்களுக்கு இதில் பாதிப் பாதுகாப்புகூடக் கிடைத்ததில்லை. அந்த மருந்துக்கு இங்கே தடை வந்ததே 2020இல்தான். அதைப் பார்த்து வளர்ந்த ஊர் உங்களுடையது. நீங்கள் பயப்படுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் இந்த அறையை அந்தக் கண்ணால் பார்க்க வேண்டாம்.

சரி, மாத்திரை எண்ணும் வேலையா? ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு டோக்ஸோரூபிசின் என்று சிவப்பாக ஒரு மருந்து உண்டு. நோயாளியின் உயரத்தையும் எடையையும் வைத்து உடல் பரப்பைக் கணக்கிட்டு, வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். 160 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ எடை என்றால் ஏறக்குறைய 98 மில்லிகிராம் வரும். சிகிச்சை நடக்கும்போது சாப்பிட முடியாமல் அவர் 50 கிலோவுக்கு இறங்கிவிட்டால் 89தான். மருந்துச் சீட்டில் பழைய எடையே இருந்தால்? அதைக் கண்டுபிடித்து, புது எடை எடுக்கச் சொல்ல வேண்டியவர் மருந்தாளர்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மருந்து இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடியது. அதனால் ஒருவர் ஆயுளுக்கும் சேர்த்தே அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை. பல வருடங்களுக்கு முன்னால் வேறு மருத்துவமனையில் நாலு தடவை ஏற்றிக்கொண்டவர் என்றால் 240 அப்போதே போய்விட்டது. நோய் திரும்பி வந்திருக்கிறது, பழைய அட்டை தொலைந்துவிட்டது, அவருக்கு மருந்தின் பெயரும் ஞாபகமில்லை. "ஏற்றின அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனதா அம்மா?" என்று கேட்டுப் பார்த்து, பழைய மருத்துவமனைக்குப் போன் போட்டு, பதிவைத் தோண்டி எடுத்து, கணக்கைக் கூட்டி, வரம்பு தாண்டும் என்றால் நிபுணர் டாக்டரிடம் "இதைக் கொடுக்க வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். மூத்த மருந்தாளர் என்றால் இதுதான் வேலை. மருந்து நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் போவதற்கு முன்னால் அதை நிறுத்தி வைக்கும் பொறுப்பு அவருடையது.

அதனால் மகளைப் பற்றி நான் முதலில் கேட்பது ஏ எத்தனை என்பதல்ல. கடைக்காரர் பாக்கிச் சில்லறை தப்பாகக் கொடுத்தால், பெரியவர் என்று பார்க்காமல் பணிவாக எடுத்துச் சொல்வாளா? போட்ட கணக்கையே மறுபடி போட்டுப் பார்க்கச் சலிக்காதவளா? ஆமாம் என்றால் தைரியமாக அனுப்பலாம். மதிப்பெண் நிறைய இருந்தும் வாய் திறக்காத பிள்ளை என்றால், அந்தப் பழக்கத்தை இப்போதே வளர்க்க வேண்டும்.

அவளிடம் இருக்கும் தமிழும் இங்கே பெரிய சொத்து. நம்மவர்கள் டாக்டரிடம் சொல்லாததை மருந்து வாங்கும் இடத்தில் சொல்வார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்த பெலாலை காஜா என்ற மூலிகையின் இலைச் சாறு, யாரோ சொன்ன கசாயம் எல்லாம் அங்கேதான் வெளியே வரும். திட்டாமல் கேட்டுக்கொண்டு, எதை நிறுத்த வேண்டும் என்று புரிய வைக்க வேண்டும். கீமோ ஏற்றிய பிறகு காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பனடோல் போட்டுப் படுக்கக் கூடாது, நடுராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சாதாரணக் கிருமியே ஆளைக் கொண்டுபோய்விடும். தோட்ட வீட்டில் இருக்கும் ஒரு பாட்டிக்கு இது அவர் பேச்சிலேயே சொல்லப்பட வேண்டும்.

படிப்பு வழி சிக்கலில்லை. ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்டிபிஎம்மில் வேதியியலும் உயிரியலும் பலமாக இருக்கட்டும். பட்டப்படிப்பு நாலு வருடம். பினாங்கில் அரசாங்கப் பல்கலைக்கழகமான யுஎஸ்எம் இருக்கிறது. உங்கள் பக்கத்திலேயே செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், அது தனியார். தனியார் என்றால் செலவு பெரிது, பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்பு மருந்தாளர் வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு வருடம் தற்காலிகப் பதிவோடு பயிற்சி.

மறைக்காமல் சொல்கிறேன். அரசாங்கத்தில் புதிதாக வருபவர்களை 2016 முதல் பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள், நிரந்தரம் உறுதியில்லை. புற்றுநோய்ப் பிரிவு உடனே கிடைக்காது. பல பிரிவுகளில் சுற்றி, மருத்துவமனை மருந்தியலில் முதுகலை முடித்து, மூத்தவர் என்ற இடத்துக்கு வரப் பல வருடம் ஆகும். வடக்கே இந்தச் சிகிச்சைக்கு முக்கிய இடங்களில் ஒன்று பினாங்கு மருத்துவமனை. அதைவிட்டால் புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம் போன்ற இடங்கள். மாற்றல் சபா, சரவாக் வரைக்கும் போகலாம். மாதாமாதம் பார்த்துப் பேசிய நோயாளி ஒருநாள் வராமல் போவார். அதைத் தாங்க அவளுக்கு வீட்டில் பேசக் காது வேண்டும், அது நீங்கள்தான்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பத்தில் 10 விழுக்காடு இணைப்பாடத்துக்கு. அதனால் முதல் பருவ முடிவு, ஐந்தாம் படிவ எஸ்பிஎம் சான்றிதழ் (மலாய்மொழியில் கிரெடிட் இருக்கிறதா பாருங்கள்), சீருடை இயக்கம், விளையாட்டுச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு மகளோடு வாருங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் எழுதுவது என்று மூவரும் உட்கார்ந்து பார்க்கலாம்.