பையனை மட்டும் ஏன் யாரும் தொடவில்லை?

கேள்வி: என் தங்கை பேரன் டெக்சாஸில் பள்ளி அணிக்காக அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறான். தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்ட். வீடியோவில் பார்த்தால் எதிரணி மற்றவர்களை எல்லாம் முட்டித் தள்ளுகிறது, இவனை மட்டும் யாருமே தொடவில்லை. இவன் பாய்ந்து ஒருவனைச் சாய்க்கிறான், அவன் கையில் பந்தே இல்லை! நான் இருபது வருஷம் கபடி ஆடியவன், பார்க்கவே மனசு கேட்கவில்லை. பையன் என்ன தப்பு செய்கிறான்? இந்த ஆட்டத்தை யாராவது அடக்கியிருக்கிறார்களா?
- நீடாமங்கலம் வாசகர்

பதில்: அவனை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள், ஐயா. இதற்கு ஆப்ஷன் என்று பெயர். பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக், தன் பின்னாலிருந்து நேரே ஓடிவரும் ஃபுல்பேக்கின் வயிற்றில் பந்தை வைத்தபடியே உங்கள் பையனின் தோளைப் பார்க்கிறான். தோள் உள்பக்கம் திரும்பினால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடுவான், திரும்பாவிட்டால் ஃபுல்பேக்கிடமே விட்டுவிடுவான். வெளியே ஓடும்போது அடுத்த ஆள் குறுக்கே வந்தால், பக்கத்தில் கொஞ்சம் பின்தங்கி ஓடிவருபவனிடம் பந்தைத் தட்டிவிடுவான், அதுதான் பிட்ச். ஆக மூன்று வழி. உங்கள் பையனை முட்ட வேண்டியவன் வேலை மிச்சமாகி வேறொருவனை முட்டப் போய்விடுகிறான், அதனால்தான் உள்ளே ஓட்டை விழுகிறது.

ராத்திரி முறைத் தண்ணீர் பாய்ச்சும்போது ஒரே வாய்க்காலில் மூன்று மடை இருந்தால் என்ன செய்வோம்? பக்கத்து மடையில் சலசலப்பு கேட்கிறதே என்று மண்வெட்டியோடு அங்கே ஓடினால், நாம் நின்ற இடத்தில் நண்டு வளை வழியாகக் கசிந்த தண்ணீர் வரப்பையே கரைத்துவிடும். மடைக்கு ஒரு ஆள் நிற்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான்: ஃபுல்பேக்குக்கு ஒருவன், குவாட்டர்பேக்குக்கு ஒருவன், பிட்ச் வாங்குபவனுக்கு ஒருவன். ஃபுல்பேக்கைச் சாய்ப்பதுதான் பையனுக்குச் சொன்ன வேலை என்றால், பந்து இல்லாதவனைச் சாய்த்தாலும் அவன் செய்தது சரி! குவாட்டர்பேக்குக்கு நின்றவன் எங்கே போனான் என்றுதான் கேட்க வேண்டும்.

வேலையே பிரித்துக் கொடுக்கவில்லை என்றால், பாயாமல் இருப்பதுதான் நல்லது. கபடியில் பாடி வருபவன் காலை நீட்டும்வரை கார்னரில் நிற்பவர் பொறுத்திருப்பாரே, அதே பொறுமை. தோளை நேராக வைத்துக்கொண்டு பக்கவாட்டில் சின்னச் சின்ன அடியாக நகர வேண்டும், குவாட்டர்பேக் முடிவெடுக்க முடியாமல் தடுமாறும் அந்த ஒரு விநாடியில் உள்ளிருந்து லைன்பேக்கர், அதாவது தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவன், வந்து சேர்ந்துவிடுவான். இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: பையன் தெரிந்தே உள்ளே பாய்வான், குவாட்டர்பேக் 'ஆள் ஏமாந்தான்' என்று வெளியே ஓடுவான், அங்கே லைன்பேக்கர் ஏற்கெனவே வந்து நிற்பான். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், ஒன்றையே செய்தால் இரண்டாவது தடவையே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தற்காப்பில் கடைசியாகப் பின்னால் நிற்கும் சேஃப்டிக்கும் ஒரு சொல். பிட்சைப் பிடிக்க ஒவ்வொரு தடவையும் முன்னே ஓடிவந்தால், ஒருநாள் குவாட்டர்பேக் ஓடாமல் பந்தை எறிவான், அது அவன் தலைக்கு மேல் பறக்கும்.

அடக்கியிருக்கிறார்கள். டெக்சாஸ் துணைப் பயிற்சியாளர் எமரி பெல்லார்ட் இந்த ஆப்ஷன் ஆட்டத்துக்காக வகுத்த விஷ்போன் அமைப்பை 1968-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆட ஆரம்பித்து, தொடர்ந்து 30 ஆட்டம் ஜெயித்தது. குவாட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று பேர் கவட்டை மாதிரி நிற்பார்கள். 1971 ஜனவரி 1-ல் காட்டன் பௌல் என்ற கல்லூரி ஆட்டத்தில் நோட்ரே டேம் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஆரா பார்சீகியன், அவர்கள் நிற்கும் அமைப்புக்கு எதிரே கண்ணாடியில் தெரிவது போலத் தன் ஆட்களை நிறுத்தினார். டெக்சாஸ் ஆட்கள் பந்தைத் திரும்பத் திரும்பக் கீழே விட்டார்கள், 24-11 என்று தோற்றார்கள்.

அடுத்த வீடியோ வந்தால் பந்தைப் பார்க்காதீர்கள். பையனின் தோள் எப்போது திரும்புகிறது, அந்த நேரம் லைன்பேக்கர் எங்கே நிற்கிறான், இந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.