டிரெயின் போல்ட்டும் பில் இல்லாத பிரேக் ஷூவும்

வீடியோ பார்த்து வீட்டிலேயே வண்டியைச் சர்வீஸ் செய்யப் பழகுகிறவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த வாரம் அவை மட்டும். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் 100 சிசி பைக்குக்கு வீடியோ பார்த்து நானே ஆயில் மாற்றினேன். இன்ஜினுக்கு அடியில் ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டைத் திரும்ப மாட்டி நன்றாக இறுக்கினேன். மறுநாள் வண்டிக்குக் கீழே ஆயில். மெக்கானிக் "திரெட் போயிடுச்சு, இன்ஜின் கேஸை மாத்தணும்" என்கிறார். பல ஆயிரம் ஆகும் போலிருக்கிறது. வேறு வழியே இல்லையா? (ஈரோடு)

பதில்: இருக்கிறது. கேஸை மாற்ற இப்போதே ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்ஜின் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் கேளுங்கள். கெட்ட திரெட்டை, அதாவது மரையைச் சற்றுப் பெரிதாக வெட்டி, அதில் ஹெலிகாயில் என்ற ஸ்டீல் சுருளைப் பதித்துத் தருவார்கள். பழைய அளவு போல்ட்டே அதில் ஏறும். அலுமினிய மரையைவிட அது உறுதியானதும்கூட. வெட்டும்போது விழுகிற தூள் உள்ளே தங்கிவிடாமல், கொஞ்சம் ஆயில் ஊற்றி வடித்துவிட்டு அப்புறம் போல்ட்டை மாட்டச் சொல்லுங்கள். கேஸில் விரிசல் விட்டிருந்தால் மட்டும்தான் மாற்றுகிற பேச்சு.

இது ஏன் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே புகாரோடு இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள். கேஸ் அலுமினியம், போல்ட் ஸ்டீல். அளவுக்கு மீறி இறுக்கினால் மென்மையான பக்கம்தான் போகும். பெரும்பாலான வீடியோக்களில் போல்ட்டைக் கழற்றுவதை நெருக்கத்தில் காட்டுகிறார்கள். மாட்டுகிற இடம் வந்ததும் "நல்லா டைட் பண்ணிக்கோங்க" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எவ்வளவு என்பதற்கு நியூட்டன் மீட்டரில் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் அது அச்சிடப்பட்டிருக்கும். அதைச் சொல்லாத வீடியோ பாதிப் பாடம்தான்.

இன்னொன்று, வாஷர். டிரெயின் போல்ட்டின் வாஷர் ஒரு முறை நசுங்கி அடைத்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது. பழையதையே போட்டால் கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவோம், மரை போய்விடும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புது வாஷர் வாங்குங்கள். ஆயில் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

குறித்த அளவுக்கு இறுக்கியதும் "டிக்" என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் வாங்குகிறவர்கள் அதன் மேல் அளவைப் பார்த்து வாங்காதீர்கள், கீழ் அளவைப் பாருங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பெரியவை கார் சக்கர நட்டுக்கானவை. பல 40 நியூட்டன் மீட்டரில்தான் தொடங்குகின்றன. சின்ன பைக்கின் டிரெயின் போல்ட்டுக்குத் தேவைப்படுவது சுமார் 20 முதல் 30. 40-இல் தொடங்கும் ரெஞ்ச் "டிக்" என்று சொல்வதற்கு முன்னாலேயே மரை போயிருக்கும்.

கேள்வி: காருக்கு ஊற்றியது போக ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் மீதி. அதே கிரேடுதான். பைக்குக்கு ஊற்றலாம் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். (தாம்பரம்)

பதில்: ஊற்றாதீர்கள். பைக்கில் கிளட்ச் பிளேட்டுகளும் அந்த ஆயிலிலேயே ஊறிக்கிடக்கின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கிளட்சை வழுக்க வைக்கலாம். கேனின் பின்பக்கம் ஜப்பானியத் தரக் குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

கேள்வி: கடையில் "ஒரிஜினல்" என்று சொல்லிக் கொடுத்த பிரேக் ஷூவை வீடியோ பார்த்து நானே மாட்டினேன். இரண்டு வாரத்தில் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங், அதாவது உரசிப் பிடிக்கிற பட்டை, தனியாகக் கழன்று வந்துவிட்டது. "நீங்க மாட்டினதுதான் தப்பு, வித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார் கடைக்காரர். பில் தரவில்லை, துண்டுச் சீட்டுதான் இருக்கிறது. (விருதுநகர்)

பதில்: முதலில், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். கழன்ற லைனிங் டிரம்முக்குள் மாட்டிக்கொண்டு ஓட்டத்தில் சக்கரம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தவறாக மாட்டினால் பிரேக் உரசும், கத்தும், சரியாகப் பிடிக்காது. ஒட்டு விட்டு லைனிங் பெயர்ந்து வருவது பெரும்பாலும் தயாரிப்பின் குறை. உங்கள் கையில் பழியைப் போட்டுவிட்டு அவர் நழுவ விடாதீர்கள்.

இந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வாசகத்தைப் பற்றி இந்தப் பகுதியில் முன்பும் எழுதியிருக்கிறேன். அது ஒழிகிற வரைக்கும் எழுதுவேன். பில்லின் அடியில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டால் அது சட்டம் ஆகிவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் எடுக்க வேண்டும். காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். நீங்கள் இரண்டு வாரத்தில் போயிருக்கிறீர்கள். பில் கொடுக்காமல் விடுவதும் அதே பட்டியலில்தான் வருகிறது. ஆக, அந்தக் கடைக்காரர் செய்தது ஒரு தவறு இல்லை, இரண்டு.

பில் கேட்டால் "ஜிஎஸ்டி சேர்த்துத் தரணும், பரவாயில்லையா?" என்று ஒரு கேள்வி வரும். உதிரிபாகக் கடைகளில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. நூறு ரூபாய் பொருளுக்குப் பதினெட்டு ரூபாய் கூடுமோ என்று நாமும் வாயை மூடிக்கொள்கிறோம். பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் உட்பட்ட விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. பெட்டியில் எம்.ஆர்.பி.யே இல்லையா, தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, புகார் சொல்ல ஒரு எண் எதுவும் இல்லையா? வாங்காதீர்கள், அதுவும் பிரேக் சாமானாக இருந்தால் தொடவே தொடாதீர்கள். போலிப் பாகம் விற்பவனுக்குப் பில் இல்லாத வியாபாரம்தான் மூச்சு. ஒரு சீட்டைக் கேட்டு வாங்க நாம் வெட்கப்படுவதில்தான் அவன் பிழைக்கிறான். எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம், ஏமாறுகிறவர்கள் எல்லாரும் செலவை மிச்சப்படுத்த நினைத்துத் தாங்களே வேலை பார்க்கக் கிளம்பியவர்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. துண்டுச் சீட்டு, பெட்டி, பெயர்ந்த லைனிங் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பணத்தைப் போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் சான்றுதான். கடைக்காரருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, உங்கள் ஊர் எந்த மாவட்டமோ அங்கேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: வீடியோவில் சொன்னார்கள் என்று கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே மூன்று வாங்கிவிட்டேன். என் 2021 மாடல் பைக்கில் கார்புரேட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. (பெயர் வேண்டாம், சேலம்)

பதில்: 2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதி. அதற்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது, ஃபியூவல் இன்ஜெக்ஷன்தான். சீட்டுக்கு அடியிலோ பெட்டியிலோ கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலைப் பத்து நிமிடம் புரட்டியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. சீல் உடைக்காத டின்களைத் திருப்பி அனுப்ப நாள் மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தன் வண்டி எது என்று தெரியாமல் சாமான் வாங்குவதை என்னால் ஆதரித்துப் பேச முடியாது.

கேள்வி: நூறு துண்டுக்கு மேல் உள்ள டூல் செட் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். அப்படி ஒரு பெட்டியை நானும் ஆன்லைனில் வாங்கினேன். பின்சக்கர நட்டில் போட்டு அழுத்தியதும் சாக்கெட் வாய் விரிந்துவிட்டது. நட்டின் முனைகளும் மழுங்கிப் போயின. திருப்பி அனுப்பும் ஏழு நாள் முடிந்துவிட்டது என்று சொல்லி விற்றவர் கையை விரித்துவிட்டார். அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ டிரைவர் முனைகள்தான். துண்டு என்ற கணக்கில் அவையும் அடங்கும்.

8, 10, 12, 14, 17 ரிங் ஸ்பேனர்கள், ஒரு பிளக் ஸ்பேனர், அலென் கீ ஒரு செட், டயர் காற்று பார்க்கும் கேஜ். தொடங்க இவை போதும். தபாரியா போல மெக்கானிக் கடைகளில் புழங்கும் பிராண்டாகத் தனித்தனியாக வாங்குங்கள். சாக்கெட் வாங்கினால் ஆறு முனை உள்ளது, பன்னிரண்டு முனை வேண்டாம். அப்புறம், பல பைக்குகளில் பிரேக் ஆயில் டப்பா மூடியில் இருக்கும் பிளஸ் ஸ்க்ரூ ஜப்பானிய அளவில் இருக்கும். சாதாரண பிளஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் நழுவித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் என்று கேட்டு ஒன்று வாங்கி வையுங்கள்.

கேள்வி: இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டால் செயின் தானே சுற்றும், துணியால் துடைத்துவிடலாம் என்று ஒரு வீடியோவில் காட்டுகிறார்கள். (நாகர்கோவில்)

பதில்: விரல் போய்விடும். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அந்த வீடியோவைப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

கேள்வி: புது பைக். நானே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடுமா? (மதுரை)

பதில்: கிலோமீட்டர், நாள் இரண்டில் எது முந்துகிறதோ அதன்படி இலவச சர்வீஸ்களைக் கம்பெனி சென்டரிலேயே முடித்து, புத்தகத்தில் பதிய வையுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் வாரண்டியை மறுக்க அதையே காரணம் காட்டுவார்கள். செயினுக்கு ஆயில் விடுவது, காற்று பார்ப்பது போன்றவற்றை நீங்களே செய்யலாம்.

கேள்வி: நான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். மெக்கானிக் கடையில் நின்று பேசத் தயக்கம். "பெண்களுக்கான வண்டிப் பராமரிப்பு" என்று ஆன்லைன் வகுப்புக்கு 2,999 ரூபாய் கட்டினேன். யூடியூப்பில் இலவசமாகக் கிடைக்கும் வீடியோக்களின் லிங்க்கை அனுப்பினார்கள். கேள்வி கேட்டதும் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். (கோவை)

பதில்: நீங்கள் அசட்டையாக ஏமாறவில்லை. கற்றுக்கொள்ள வந்த ஒருவரின் தயக்கத்தைத் தெரிந்தே பணமாக்கியிருக்கிறார்கள். 1930-ஐ உடனே அழையுங்கள். இணைய மோசடிக்கான எண் அது, எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. வங்கிக்கும் தெரிவியுங்கள். விளம்பரம், பணம் கட்டிய பதிவு, குரூப் உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விளம்பரத்தை நாளைக்கே அழித்துவிடுவார்கள். சேவைக் குறைபாடு என்று 1915-லும் பதியலாம்.

கற்பதை விட்டுவிடாதீர்கள். பைக் வீடியோக்களில் வராத ஒன்று உங்களுக்கு: கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் ஆயில் தனி, பின்சக்கரப் பக்கம் கியர் ஆயில் தனி. இரண்டுக்கும் வேறு போல்ட், வேறு அளவு. அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது? (கடலூர்)

பதில்: சாக்கடையில் ஊற்றாதீர்கள், செயினுக்கும் விடாதீர்கள், அதில் இரும்புத் தூள் இருக்கும். பழைய டப்பாவில் அடைத்து, கழிவு ஆயில் சேர்க்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். புது ஆயில் வந்த காலி கேனை அறுத்துவிட்டுப் பழைய பேப்பர்காரருக்குப் போடுங்கள். முழுசாகப் போட்டால் அதே கேனில் போலி ஆயிலை நிரப்பி விற்றுவிடுவார்கள்.