என்.ஓ.சி இல்லாமல் ஆடிவிட்டேன், லீக் நோட்டீஸ் அனுப்பிவிட்டது!

கேள்வி (சுருக்கம்): எனக்கு 24 வயது. உள்ளூர் கால்பந்து லீக்கில் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றுக்கு ஆடினேன். எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை. இந்த சீசன் 12 மேட்சில் ஒன்றில்தான் இறக்கினார்கள். முதல் டிவிஷன் கிளப் கூப்பிட்டது. கிளப் மாற ஆட்சேபணை இல்லை என்ற சான்றான என்.ஓ.சி கேட்டதற்கு, பழைய கிளப் செக்ரட்டரி எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டு 15,000 ரூபாய் கட்டச் சொன்னார். நான் புதிய கிளப்பின் பாரத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு மேட்சில் 20 நிமிடம் ஆடினேன். எதிரணி புகார் செய்ய, 7 நாளில் விளக்கம் கேட்டு லீக் கமிட்டி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. 10 சதவீதத்துக்குக் குறைவாக ஆடினால் விலகலாம் என்று ஃபிஃபா விதி இருக்கிறதாமே? கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: செக்ரட்டரி திட்டியது, பெஞ்சில் உட்கார வைத்தது, உங்கள் ஆட்டத் தரத்துக்கு இரண்டாம் டிவிஷன் போதாது என்பது எல்லாம் ஓரமாக இருக்கட்டும். கமிட்டி பார்க்கப்போவது இரண்டே தேதிகளை: பழைய கிளப்பின் பதிவு நீங்கிய தேதி, புதிய கிளப்பின் மேட்ச் ஷீட்டில் உங்கள் பேர் ஏறிய தேதி. முதல் தேதியே உங்களிடம் இல்லை. ஆகவே அந்த 20 நிமிடமும் நீங்கள் தகுதியற்ற வீரர். மைதானத்தில் என்ன ஸ்கோர் வந்திருந்தாலும், வழக்கமாக அந்த மேட்ச் 3-0 என்று எதிரணிக்குப் போகும்.

நீங்கள் சொல்லும் 10 சதவீத விதி உண்மைதான். ஆனால் அது ஒப்பந்தம் போட்ட, நிலைபெற்ற தொழில்முறை வீரருக்கு. அவரும் சீசனின் கடைசி மேட்ச் முடிந்த 15 நாளுக்குள்தான் அதைப் பயன்படுத்த முடியும். எழுத்து ஒப்பந்தம் இல்லாத நீங்கள் அமெச்சூர். அந்த 10 சதவீத விதியை விளக்கக் கடிதத்தில் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

15,000 ரூபாய் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். ஒப்பந்தம் இல்லாத அமெச்சூரிடம் டிரான்ஸ்பர் பணம் கேட்க கிளப்புக்கு அடிப்படை இல்லை. 'வேறெங்கும் ஆட மாட்டேன்' என்று எழுதி வாங்கியிருந்தாலும், தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்னும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-ஐக் காட்டி அதை எதிர்க்கலாம். 'நாங்கள் பயிற்சி கொடுத்தோம்' என்றால், ஃபிஃபாவின் பயிற்சி இழப்பீடு அமெச்சூர் ஒருவர் அமெச்சூராகவே கிளப் மாறும்போது எழாது. இவ்வளவும் சரி. ஆனால் சிவில் கோர்ட் இதைச் சொல்லி முடிப்பதற்குள் சீசன் மூன்று முடிந்திருக்கும்.

இடைக்காலத் தடை கேட்டால் நீதிபதியின் முதல் கேள்வி, லீக்கின் அப்பீல் கமிட்டிக்குப் போனீர்களா என்பது. அடுத்தது, என்.ஓ.சி இல்லாமல் ஆடிவிட்டு எந்த முகத்தோடு தடை கேட்கிறீர்கள் என்பது. போதாததற்கு, கால்பந்துத் தகராறை வெளிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதையே சங்க விதிகள் தனிக் குற்றமாக வைத்திருப்பதுண்டு.

ஆட்கள் நிஜமாகவே மாட்டிக்கொள்வது விளக்கக் கடிதத்தில். கோபத்தில் நாலு பக்கம் எழுதுவார்கள். நடுவில் 'என்.ஓ.சி தர மறுத்ததால் வேறு வழியின்றிக் கையெழுத்திட்டேன்' என்று ஒரு வரி வரும். தெரிந்தே செய்ததற்கு அதுதான் ஒப்புதல் வாக்குமூலம். தெரியாமல் நடந்தது என்றால் எச்சரிக்கையோடு முடியக்கூடியது, அந்த வரியால் சஸ்பென்ஷன் ஆகும். அதற்காகத் தெரியாது என்று பொய்யும் எழுதாதீர்கள். செக்ரட்டரியிடம் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் அவர் போனில் இருக்கும். தேதிகளை மட்டும் எழுதி, பதிவுச் சிக்கல் தீர்க்கப்பட்டு வருகிறது என்று நிறுத்துங்கள். அரைப் பக்கம் போதும்.

இன்னொன்று. புதிய கிளப்பில் யாராவது 'என்.ஓ.சிக்கு முன்தேதி போட்டுக்கொள்ளலாம்' என்பார்கள். அந்தக் காகிதத்தைத் தொடாதீர்கள். ஒழுங்கு நடவடிக்கையாக இருக்கும் விவகாரம், அந்த நிமிடமே குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 336-இன் ஆவண மோசடியாகும். புதிய கிளப்பின் பாரத்தைப் பின்பக்கமும் திருப்பிப் படியுங்கள். 'முந்தைய பதிவு தொடர்பான எல்லாப் பொறுப்பும் வீரரையே சாரும்' என்ற உறுதிமொழி அங்கேதான் இருக்கும். புள்ளி பறிபோனதும் கிளப் அதைத்தான் கமிட்டி முன் நீட்டும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். 15,000-த்தை அப்படியே கொடுக்கச் சொல்லவில்லை. பதிவுக் கட்டணம், ஜெர்சி, இன்ஷூரன்ஸ் என்று பிரித்துக் கணக்குக் கேளுங்கள்; கணக்குக் கேட்டாலே தொகை இறங்கும். ஜெர்சியையும் கிட்டையும் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீதில் 'டிரான்ஸ்பர் கட்டணம்' என்ற சொல் வேண்டாம், 'செலவுக் கணக்குத் தீர்வு' என்று இருக்கட்டும்.

பணம் கைமாறும் அதே நேரத்தில் மூன்று உங்கள் கைக்கு வர வேண்டும்: கிளப் முத்திரையிட்ட என்.ஓ.சி, லீக்குக்கு 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்ற கடிதம், உங்கள் லீக் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் சி.ஆர்.எஸ் என்ற ஆன்லைன் வீரர் பதிவு முறையில் பதிவு செய்வதாக இருந்தால் அதில் ரிலீஸ், அதாவது பழைய பதிவிலிருந்து விடுவிப்பு. மூன்றாவதைத்தான் 'நாளைக்குப் போடுகிறேன்' என்பார்கள். அதுவரை பணத்தை எடுக்காதீர்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் செக்ரட்டரிக்கு மட்டுமா, தலைவரும் சேர்ந்தா என்று கிளப்பின் பைலாவில் பாருங்கள். பொதுக்குழுத் தேர்தல் முடிந்து புதிய செக்ரட்டரி வந்து, 'அவருக்கு அதிகாரமே இல்லை' என்று சொன்னால் கொடுத்த பணம் போனதுதான்.

பேச்சு முறிந்தால் மூன்றாவது கிளப்புக்குப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஃபிஃபா விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதியலாம், ஆனால் அதிகாரபூர்வ மேட்ச் ஆட முடிவது பொதுவாக இரண்டு கிளப்புக்குத்தான். பழைய கிளப்புக்கு ஒரு மேட்ச், புதிய கிளப்புக்கு 20 நிமிடம் என்று உங்கள் கணக்கு ஏற்கெனவே நிரம்பிவிட்டதாகத்தான் எதிர்த்தரப்பு வாதிடும்.