வீரர்களின் குற்றமும் கழகங்களின் மௌனமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வன்முறை, பாலியல் குற்றம் போன்ற வழக்குகளில் சிக்கும் தொழில்முறை வீரர்கள் சில மாதங்களிலேயே மைதானத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். கேட்டால், ‘தீர்ப்பு வரும்வரை எவரும் நிரபராதியே, ஆட்டம் வேறு, சொந்த வாழ்க்கை வேறு’ என்று நண்பர்கள் என் வாயை அடைத்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது நியாயமாகவே படுகிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தீர்ப்புக்கு முன் எவர் மீதும் குற்றவாளி என்று முத்திரை குத்தக் கூடாது என்பதில் உங்கள் நண்பர்களோடு நானும் உடன்படுகிறேன். பிரேசில் கால்பந்து வீரர் டானி ஆல்வெஸுக்குப் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஸ்பெயின் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் நான்கரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டில் அது ரத்தாயிற்று.

ஆனால் வழக்கு நகரும் வேகத்துக்கும் ஒரு வீரரின் ஆட்டக்காலத்துக்கும் உள்ள இடைவெளியை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. 1988இல் பாட்டியாலாவில் நடந்த சாலைத் தகராறில் 65 வயது முதியவர் ஒருவர் இறந்த வழக்கில், நவ்ஜோத் சிங் சித்துவை விசாரணை நீதிமன்றம் 1999இல் விடுவித்தது. உயர் நீதிமன்றம் 2006இல் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் 1000 ரூபாய் அபராதத்தோடு விட்டு, 2022இல் மறுஆய்வு மனுவின் மீது ஓராண்டு கடுங்காவல் விதித்தது. அதற்குள் அவர் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வுபெற்று, வர்ணனையாளராகி, நாடாளுமன்ற உறுப்பினராகி, மாநில அமைச்சராகவும் இருந்துவிட்டார். ‘தீர்ப்பு வரட்டும்’ என்று மட்டும் சொல்லி ஒரு வாரியம் ஒதுங்கிக்கொள்வது, நடைமுறையில் அவர் ஓய்வுபெறும்வரை காத்திருக்கச் சொல்வதேயாகும்.

வாரியங்களுக்கு உண்மை தெரியாமல் போவதால் இப்படி நடக்கிறது என்றும் நான் நம்பவில்லை. அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸ் 2014 பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதியின் மின்தூக்கியில் தன் வருங்கால மனைவியை அடித்து வீழ்த்தினார். நினைவிழந்து கிடந்த அவரைக் கதவுக்கு வெளியே ரைஸ் இழுத்துப்போடும் காணொளி சில நாள்களிலேயே வெளியாகி, நாடே பார்த்தது. அதன் பிறகும் ஜூலையில் அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அமைப்பு அவருக்கு விதித்த தண்டனை இரண்டே ஆட்டங்களுக்கான தடை. செப்டம்பர் 8 அன்று, மின்தூக்கிக்குள் விழுந்த அடியைக் காட்டும் மற்றொரு காணொளி வெளிவந்தபோது, அன்றைய பொழுதுக்குள் பால்டிமோர் ரேவன்ஸ் அணி அவரை நீக்கியது, என்.எஃப்.எல். காலவரையற்ற தடை விதித்தது. ஆனால் ரைஸ் தங்களை ஏமாற்றினார் என்ற என்.எஃப்.எல்.லின் வாதத்தை ஏற்க மறுத்து, நடுவராக அமர்ந்த முன்னாள் நீதிபதி நவம்பரில் அந்தத் தடையை நீக்கினார். பிப்ரவரியில் நடந்த குற்றம் செப்டம்பரில் பெரிதாகிவிடவில்லை. மக்களின் கோபம்தான் பெரிதாகியிருந்தது. அந்தக் கோபத்துக்கு அஞ்சிக் கொடுக்கும் தண்டனையை என்னால் நீதியாக ஏற்க முடியவில்லை.

‘சொந்த வாழ்க்கை’ என்ற வாதம் அதைவிடப் பலவீனமானது. வீரரின் முகத்தையும் குடும்பப் படத்தையும் விளம்பரத்துக்கு விற்கும் கழகம், காவல் நிலையம் என்றவுடன் அவருடைய அந்தரங்கத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

முன்கூட்டியே எழுதிவைத்த, எல்லா வீரர்களுக்கும் பொதுவான விதியையே நான் வேண்டுகிறேன். ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் 2019இல் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. 11 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றச்சாட்டு ஒரு வீரர் மீது பதிவானால், குற்றம் செய்தாரா இல்லையா என்று எதுவும் சொல்லாமல், வழக்கு முடியும்வரை முழுச் சம்பளத்துடன் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கிவைப்பார்கள். அதை எதிர்த்து ஒரு வீரர் தொடுத்த வழக்கில், விதி செல்லும் என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மீதான குற்றச்சாட்டுகள் 2021இல் கைவிடப்பட்டு அவர் மீண்டும் ஆட வந்தார், ஆனால் இடைப்பட்ட பருவங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. அந்த இழப்பு என்னையும் உறுத்துகிறது. எனினும், புகார் கொடுத்தவர் வாரந்தோறும் அதே வீரருக்கு எழும் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு சாட்சிக் கூண்டுக்குக் காத்திருப்பதைவிட இது குறைந்த அநீதி என்றே கருதுகிறேன்.

தண்டனை முடித்தவர் திரும்பி வருவதற்கு நான் எதிரியல்லன். நாய்ச்சண்டை நடத்திய குற்றத்தை 2007இல் ஒப்புக்கொண்டு 23 மாதத் தண்டனை பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக், 2009இல் மீண்டும் களமிறங்கினார். அவர் செய்தது என்ன, அதற்காகக் கொடுத்த விலை என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் சொல்லும் வீரர்கள் திரும்பும்போது அந்த இரண்டையும் கழகம் சொல்வதில்லை. உங்கள் மனம் ஒப்பாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அன்புடன்