கன்று வீசிய மாடு: 'காரணம் கண்டறிய இயலவில்லை' என்ற அறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பின மாடு 7 மாதச் சினையில் கன்று வீசியது (கருச்சிதைவு). மறுநாள் காலை தொழுவத்தில் கிடந்த நஞ்சுக்கொடியை ஃபார்மலின் (திசுவைப் பதப்படுத்தும் மருந்து) பாட்டிலில் போட்டு அனுப்பினோம். 'திசு சிதைந்துள்ளது, காரணம் கண்டறிய இயலவில்லை. நுண்ணுயிர் வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை வந்துள்ளது. நோய் இல்லை என்று எடுத்துக்கொண்டு சினை ஊசி போடலாமா?

பதில்: அவசரப்பட்டுப் போட வேண்டாம். பார்க்கத் தகுந்த திசு வந்து சேரவில்லை என்பதுதான் அந்த அறிக்கையின் பொருள். ஃபார்மலின் பட்டால் கிருமி செத்துவிடும். அதிலிருந்து வந்த 'வளர்ச்சி இல்லை' என்ற வரியை நம்ப முடியாது. கன்று வயிற்றுக்குள்ளேயே இறந்து ஓரிரு நாள் கிடந்தாலும் திசு சிதையும். பெரிய துண்டாகப் போட்டால் மருந்து உள்ளே ஊறுவதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும்.

சினையின் பிற்பாதியில் கன்று வீசினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கன்று வீச்சு நோய், அதாவது புரூசெல்லா. இதற்கு இரத்தப் பரிசோதனை இப்போதும் செய்யலாம். கன்று வீசிய உடனே எடுத்த இரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் தெரியாமல் போகலாம் என்பதால் 3 வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். கிடேரியாக இருந்தபோது புரூசெல்லா தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிவைப் படிப்பதில் அது முக்கியம்.

இன்னொரு மாடு வீசினால், சாணம் படாத நஞ்சுக்கொடியில் பொத்தான் போன்ற திட்டுகள் இரண்டு மூன்றையும் இடைப்பட்ட சவ்வையும் சேர்த்து எடுக்க வேண்டும். அரை செ.மீ. தடிமனுக்கு மேல் போகாமல் நறுக்கி, அகன்ற வாய்ப் பாட்டிலில், திசுவைப் போல 10 மடங்கு 10 சதவீத ஃபார்மலினில் மூழ்க வையுங்கள். கடையில் விற்கும் ஃபார்மலின் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு. இந்தப் பாட்டிலை உறைய விடக்கூடாது. பனிக்கட்டி செல்லைக் கிழித்துவிடும். கிருமி வளர்க்க வேறு துண்டுகளை ஃபார்மலின் இல்லாமல், தனித்தனிச் சுத்தமான டப்பாக்களில் ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். ஃபார்மலின் ஆவிகூடக் கிருமியைக் கெடுக்கும், ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். வீசிய கன்றின் வயிற்று நீர், நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றை மருத்துவரே எடுக்கட்டும். நஞ்சுக்கொடியில் சாணக் கிருமி கலந்திருக்கும். வயிற்று நீரில் வளர்வதுதான் நம்பகமான சான்று.

அறிக்கையில் 'செல்லுக்குள் கிருமிகள், திட்டுகளில் திசு அழிவு' என்று வந்தால் புரூசெல்லா பக்கம் சாயும். 'பூஞ்சை இழை' என்றால் பூசணம் பிடித்த தீவனத்தைப் பாருங்கள். கன்றின் மூளையிலும் இதயத்திலும் சீழில்லாத அழற்சி என்றால் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி மீது சந்தேகம். சுண்ணாம்புப் படிவு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், நல்ல நஞ்சுக்கொடியிலும் அது உண்டு. சரியாக அனுப்பினாலும் பல கேஸ்களில் காரணம் பிடிபடாது. அதற்காக ஆய்வகத்தைக் குறை சொல்ல முடியாது.

புரூசெல்லா மனிதரையும் தாக்கும் நோய். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். கர்ப்பிணிகள் தொழுவத்துப் பக்கமே வரக்கூடாது. மிச்சத்தைச் சுண்ணாம்பு தூவி, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தால், மாடு கன்று வீசியதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இரத்த முடிவுகள் வரும்வரை இந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், காளையோடு சேர்க்காதீர்கள். இரண்டு இரத்த முடிவும் எதிர்மறையாக வந்து, கருப்பையிலிருந்து வடியும் கழிவு நின்று, கருப்பை சுருங்கியதை மருத்துவர் உறுதி செய்தபின், கன்று வீசி 60 நாளாவது கழிந்து வரும் பருவத்தில் சினை ஊசி போடலாம்.