டேபிளை மாற்றினால் கூகுளில் முதலிடம் வருமா?

கேள்வி: கொடைக்கானல் மலையில் பூம்பாறையில் மலைப்பூண்டு போட்டு, கூரியரில் நேரடியாக விற்கிறோம். எங்கள் வெப்சைட் பன்னிரண்டு வருடப் பழசு. "டேபிளில் செய்திருக்கிறார்கள், சிஎஸ்எஸ்ஸுக்கு மாற்றினால் கூகுளில் முதலில் வரும்" என்று ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலிடத்துக்காக என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டேபிள் என்பது பக்கத்தைக் கட்டம் போட்டு எழுத்தையும் படத்தையும் அடுக்குகிற பழைய வழி. சிஎஸ்எஸ்ஸில் நிறம், அளவு, இடம் எல்லாம் தனியாக எழுதி வைக்கப்படும். இரண்டில் எது என்று பார்த்து கூகுள் மார்க் போடுவதில்லை.

ஆனால் உங்கள் பக்கத்தைப் போனில் திறந்து பாருங்கள். கூகுளும் இப்போது போனில் தெரிகிற வடிவத்தைத்தான் படிக்கிறது. அகலம் குறித்துப் போட்ட டேபிள் போனில் சுருங்காது. ஆள் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதற்காக மாற்றுங்கள். முக்கியமான பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. அதில் தேறினாலும் முதலிடம் உறுதியில்லை. விலைப்பட்டியலைப் படமாகப் போட்டிருந்தால் எழுத்தாக்குங்கள். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது உங்கள் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா?

இனி நான் அடிக்கடி பார்க்கும் தில்லுமுல்லு. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "ஊட்டி பூண்டு, மதுரை பூண்டு" என்று நூறு தடவை எழுதி வைப்பார்கள். சிஎஸ்எஸ்ஸால் எழுத்தைத் திரைக்கு வெளியே தள்ளியும் வைப்பார்கள். கண்டுபிடித்தால் கூகுள் உங்கள் தளத்தைக் கீழே இறக்கும், தேடலிலிருந்தே தூக்கவும் செய்யும். அதைச் செய்து கொடுத்துப் பணம் வாங்கியவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

அதற்காக மறைந்திருப்பதெல்லாம் தப்பு என்று பயப்பட வேண்டாம். "டெலிவரி எத்தனை நாள்?" என்பதைத் தொட்டால் பதில் விரிகிறதே, அது மறைப்பு இல்லை. தொட்டால் வாங்குபவர் படிக்க முடிகிறது, அதனால் சரி. தலைப்பைத் தொட்டால் மாறுகிற தாவல்களுக்குள் (டேப்) பிரித்து வைத்த விவரமும் சரி. படத்தைத் தொட்டால் வருகிற குறிப்பும் சரி. மனிதருக்கு எந்த வழியிலும் தெரியாமல் கூகுளுக்கு மட்டும் காட்டுவதுதான் குற்றம்.

முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. எங்கோ ஒரு மூலையில்! பூம்பாறைக்காரர் போன் போட்டுக் கேட்க கூகுளில் ஓர் ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் முதலிடம் வாங்கித் தருகிறேன் என்பவர்கள் பிழைக்கிறார்கள். சந்தையில் தரகு போகிறதே என்றுதானே நீங்கள் வெப்சைட்டுக்கு வந்தீர்கள்?

மாற்றுவதாக முடிவெடுத்தால், பக்கங்களின் பழைய முகவரிகள் புதியவற்றுக்குத் தாமாகப் போகும்படி செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் பன்னிரண்டு வருடத்தில் சேர்த்த பெயர் வீண். அப்புறம், டொமைன், அதாவது உங்கள் வெப்சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் இருக்கிறது, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? முன்பணம் கொடுக்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.